செவிலியின் கைகள்

பெற்றவளும் வளர்த்தவளும் ஒருத்தியாகவே இருக்க வேண்டும் என்று நம் அகமரபு வற்புறுத்தவில்லை. நற்றாய் ஒருத்தி, செவிலித்தாய் இன்னொருத்தி. செவிலியின் மகளே தோழி. தலைவி உடன்போக்கில் சென்றபின் பாலைவழியில் அவளைத் தேடி நடப்பவள் பெரும்பாலும் செவிலிதான். இன்று அச்சொல் மருத்துவமனைப் பணியாளரைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. இக்கட்டுரையில் அதன் பழைய பொருளிலேயே அதனை ஆள விரும்புகிறோம்: பெறாமல் வளர்ப்பவள்.

பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான குழந்தையைப் பெற்றோரல்லாத ஒருவர் பேணும்போது, அப்பேணுதல் நன்று என்று சொல்வதற்கு அளவுகோல் எது? இதுவே நாம் எழுப்பும் வினா. நம் நகரங்களில் குழந்தைகள் காப்பகம் தேடும் பெற்றோர் கட்டடத்தைப் பார்க்கிறார்கள், தூய்மையைப் பார்க்கிறார்கள், கண்காணிப்புக் கேமராவும் பொம்மைகளும் உண்டா என்று கேட்கிறார்கள். இவை தவறான கேள்விகள் அல்ல. ஆனால் இவற்றுக்கெல்லாம் நல்ல விடை கிடைத்த இடங்களிலும் குழந்தைகள் வாடியதுண்டு, இறந்ததும் உண்டு. அதனை ஐரோப்பா அறிந்துகொள்ள ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டுவதே நம் நோக்கம்.

*

1445-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ‘இன்னொசென்ட்டி’ என்னும் இல்லம் திறக்கப்பட்டது. மாசற்றோர் என்பது அப்பெயரின் பொருள். புரூனெல்லெஸ்கி வடிவமைத்த அதன் முகப்புத் தாழ்வாரம் மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலையின் முதன்மையான படைப்புகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. குழந்தையைத் தெருவில் சாகவிடலாகாது என்னும் அறவுணர்வு இத்தகைய இல்லங்களைக் கண்டம் முழுதும் எழுப்பியது. கட்டடங்கள் அழகாக இருந்தன. உள்ளே சென்ற குழந்தைகளில் பலர் வெளியே வரவில்லை.

லண்டனில் தாமஸ் கோரம் என்னும் மாலுமி பல ஆண்டுகள் அலைந்து 1739-ல் அரச ஆணை பெற்றார். 1741-ல் அங்கும் ஓர் இல்லம் திறந்தது. வந்து நின்ற தாய்மார் அனைவருக்கும் இடமில்லை. ஆகவே ஒரு பையினுள் கைவிட்டு உருண்டை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் குழந்தைக்கு இடமுண்டு, கறுப்பு வந்தால் இல்லை, சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். 1756-ல் நாடாளுமன்றம் பொருளுதவி தந்து, வரும் குழந்தைகள் அனைவரையும் ஏற்கச் செய்தது. நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் மூன்றில் இரு பங்கு மாண்டன. 1760-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கதவைத் திறந்து வைத்தால் போதாது என்பது அந்த நான்கு ஆண்டுகள் கற்பித்த பாடம்.

அவ்வில்லத்தை நடத்தியவர்களுக்கு வில்லியம் கடோகன் என்னும் மருத்துவர் 1748-ல் ஒரு சிறு நூலை எழுதி அளித்தார். பச்சிளம் குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றி வைக்கும் அக்கால வழக்கத்தை அவர் கடுமையாகச் சாடினார். தாய்ப்பால் கொடுங்கள், கைகால்களை அசையவிடுங்கள் என்பதே அவர் கூறியதன் சாரம். குழந்தையின் உடலுக்குத் தானே இயங்கும் உரிமை உண்டு என்ற இக்குரலை நினைவில் வைத்துக்கொள்வோம். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அது புடாபெஸ்டில் மீண்டும் ஒலிக்கும்.

*

நுண்ணுயிரிகளைப் பற்றிய அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவியபோது, இல்லங்களில் நிகழும் சாவுக்கு விடை கிடைத்துவிட்டதாகவே பலரும் நம்பினர். பால் காய்ச்சப்பட்டது. புட்டிகள் கொதிநீரில் இடப்பட்டன. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே திரைகள் தொங்கின. தொற்று பரவலாகாது என்பதற்காகக் குழந்தையைத் தூக்குவதும் கொஞ்சுவதும் குறைக்கப்பட்டன. பெற்றோரையே கிருமி சுமந்து வருபவராகக் கருதி, வந்து பார்க்கும் நேரத்தைச் சுருக்கிய மருத்துவமனைகளும் உண்டு. இந்தத் தூய்மை பல உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தூய்மையான அறைகளிலும் குழந்தைகள் எடை குன்றின, பேசாமலிருந்தன, சிறு நோயிலேயே இறந்துபோயின.

இப்புதிரை உலகறியச் செய்தவர் ரெனே ஸ்பிட்ஸ். வியன்னாவில் பிறந்து புடாபெஸ்டில் வளர்ந்து மருத்துவம் பயின்றவர், பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். 1945-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இரண்டு இடங்களை ஒப்பிட்டது. ஒன்று பெண்கள் சிறையின் குழந்தைக்கூடம். அங்கே கைதிகளான தாய்மாரே தம் குழந்தைகளைப் பேணினர். மற்றொன்று கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம். மருத்துவ வசதியும் உணவும் தூய்மையும் அங்கே குறைவற இருந்தன. ஆனால் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலி. கட்டிலின் பக்கங்களில் துணிகள் தொங்கியதால் படுத்திருந்த குழந்தைக்குக் கூரையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சிறையின் குழந்தைக்கூடத்தில், ஸ்பிட்ஸ் கண்காணித்த காலத்தில், ஒரு குழந்தையும் இறக்கவில்லை. இல்லத்திலோ 91 குழந்தைகளுள் 34 குழந்தைகள் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தன. ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் குறைகள் உண்டு என்று பின்வந்தோர் சுட்டிக்காட்டியுள்ளனர். இரண்டு இடங்களிலும் இருந்த குழந்தைகளின் பின்னணி ஒன்றல்ல என்பது நியாயமான மறுப்பே. ஆனால் அவர் 1947-ல் வெளியிட்ட மௌனப்படத்தில் காணும் முகங்களுக்கு யாரும் மறுப்பு எழுதிவிட முடியவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் லண்டனில், குண்டுவீச்சினால் குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்காமும் ஹாம்ஸ்டெட் பகுதியில் காப்பகங்கள் நடத்திக்கொண்டிருந்தனர். எல்லாச் செவிலியரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வதே அங்கும் முதலில் நடைமுறையாக இருந்தது. பின்னர் ஒரு மாற்றம் செய்தார்கள். ஒரு செவிலிக்கு நான்கைந்து குழந்தைகள் என்று பிரித்துச் சிறு ‘குடும்பங்களை’ அமைத்தார்கள். உடனே விளைந்தது அமைதியன்று, பெரும் கூச்சல். தன் செவிலி அறையைவிட்டு நகர்ந்தாலே குழந்தைகள் அலறின, பொறாமை கொண்டன, ஒன்றையொன்று அடித்தன. ஆனால் சில வாரங்களில் பேச்சும் பழக்கவழக்கங்களும் விரைந்து முன்னேறின. அதுவரை அக்குழந்தைகள் அழாமலிருந்தது மனநிறைவினால் அன்று. யாருக்காக அழுவது என்று அவற்றுக்குத் தெரியாததால். காப்பகத்தின் அமைதியை அதன் சிறப்பாகக் கருதும் எவரும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை இத்தகைய சான்றுகளைத் தொகுத்தது. இளங்குழந்தைக்குத் தாயுடனோ தாய்நிலையில் நிற்கும் நிலையான ஒருவருடனோ நெருங்கிய, தொடர்ச்சியான உறவு தேவை என்று அது கூறியது. அதை வாசித்த பலர் வந்தடைந்த முடிவு, வீட்டுக்கு வெளியே பேணுதல் என்பதே தீங்கு என்பதாகும். அம்முடிவு வேலைக்குச் செல்லும் தாய்மாரின்மீது பல பத்தாண்டுகள் குற்றவுணர்வாகக் கவிந்திருந்தது. ஆனால் அவ்வறிக்கை வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, அக்கேள்விக்கு வேறொரு விடையை ஒரு பெண் மருத்துவர் செயலில் காட்டத் தொடங்கியிருந்தார்.

*

எம்மி பிக்லர் 1902-ல் வியன்னாவில் பிறந்தார். இளமை புடாபெஸ்டில் கழிந்தது. மருத்துவம் பயில மீண்டும் வியன்னா சென்றார். அங்கே அவருக்கு இரு ஆசிரியர்கள் வாய்த்தனர். ‘ஒவ்வாமை’ என்பதற்கு இன்று உலகம் வழங்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லை ஆக்கிய கிளெமன்ஸ் ஃபொன் பிர்க்கே ஒருவர். அவருடைய மருத்துவமனையில், நோயுற்ற குழந்தை விரும்பும் அளவுக்குமேல் ஒரு கரண்டி உணவும் ஊட்டலாகாது என்பது விதி. அறுவை மருத்துவர் ஹான்ஸ் ஸால்ஸர் மற்றொருவர். குழந்தையை அழவிடாமல் பரிசோதிக்க முடியும், அதற்குத் தொடும் கை மென்மையாக இருக்க வேண்டும் என்பதை அவரிடம் பிக்லர் கற்றார்.

விபத்துகளைக் குறித்த ஒரு செய்தியும் அவர் மனத்தில் பதிந்தது. தெருவில் ஓடியாடும் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளைவிட, வேலைக்காரப் பெண்ணின் கைப்பிடியில் வளரும் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கே எலும்பு முறிவு மிகுதியாக ஏற்பட்டது. விழத் தெரியாத குழந்தைக்கு விழுந்தால் அடி பலமாகப் படுகிறது.

முதல் மகள் பிறந்தபோது பிக்லரும் கணிதம் பயின்றவரான அவர் கணவரும் ஒரு முடிவு செய்தனர். குழந்தையை உட்கார வைக்கவோ நிற்க வைக்கவோ நடை பழக்கவோ போவதில்லை. அது தானே செய்யட்டும். 1930-களின் இடையில் புடாபெஸ்டில் குடும்ப மருத்துவராகப் பணி தொடங்கியபின், ஏறத்தாழ நூறு குடும்பங்களில் இம்முறையைப் பெற்றோருக்குக் கற்பித்தார். வீடுதோறும் சென்று குழந்தையை உற்றுநோக்குவதே அவருடைய மருத்துவமாக இருந்தது. அவர் யூதர். கணவர் அரசியல் காரணங்களுக்காகப் பல ஆண்டுகள் சிறையிலிருந்தார். போர்க்காலத்தில் அவர் உயிர் தப்பியதற்கு, அவரிடம் மருத்துவம் பார்த்த குடும்பங்கள் அளித்த அடைக்கலமும் ஒரு காரணம்.

1946-ல், போரினால் பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இல்லம் நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. புடாபெஸ்டின் லோட்ஸி தெருவில் இருந்ததால் ‘லோட்ஸி’ என்பதே அதன் பெயராக நிலைத்தது. அங்கே ஏற்கெனவே அனுபவமிக்க செவிலியர் இருந்தனர். அவர்கள் விரைவாகவும் திறமையாகவும் வேலை செய்தனர். ஒரு பொருளைக் கையாள்வதைப் போலக் குழந்தையைக் கையாண்டனர். பிக்லர் அவர்களை நீக்கிவிட்டு, முன்பயிற்சி இல்லாத, ஆனால் குழந்தைகளில் ஆர்வமுள்ள இளம்பெண்களைச் சேர்த்தார். மறக்கடிப்பதைவிடக் கற்பிப்பது எளிது என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

*

லோட்ஸியில் அவர் உருவாக்கிய ஒழுங்கைச் சற்று விரிவாகவே காணலாம். நாம் தேடும் அளவுகோல் அதனுள்தான் இருக்கிறது.

ஒரு குழுவில் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகள். அவர்களுக்கு மாறாத மூன்று நான்கு செவிலியர், முறைவைத்து. ஒவ்வொரு குழந்தைக்கும் அவர்களுள் ஒருத்தி ‘சொந்தச் செவிலி’. அக்குழந்தையைக் குறித்து நாட்குறிப்பு எழுதுவதும் அதன் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்குவதும் அவள் பொறுப்பு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஸ்பிட்ஸ் கண்ட இல்லத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும். ஒரு வேளையில் ஒரு செவிலியின் முன் எட்டுக் குழந்தைகள் இங்கும் இருந்தன. பின் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

குழந்தையைப் பேணுவதில் தவிர்க்கவியலாத சில செயல்கள் உண்டு. உணவூட்டல், குளிப்பாட்டல், ஈரத்துணி மாற்றல், உடுத்துதல். பல காப்பகங்களில் இவை ‘முடித்துவிட வேண்டிய வேலைகள்’. இவற்றை விரைந்து முடித்துவிட்டுப் பின்பு குழந்தைகளுடன் விளையாடலாம், பாடலாம், கற்பிக்கலாம் என்பது பொது எண்ணம். பிக்லர் இதனைத் தலைகீழாக்கினார். இச்செயல்களே உறவு வளரும் இடம் என்றார். ஒரு நாளில் பலமுறை, தனியாக, உடலோடு உடல் தொட்டு, ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் சந்திக்கும் நேரம் இவைதான். அந்நேரத்தில் செவிலி வேறெங்கும் பார்க்கலாகாது. செய்யப்போவதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்ல வேண்டும். சட்டையைக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில மாதக் குழந்தைகூட, நாள்பட, தன் கையை நீட்டித் தருகிறது. போதும் என்று முகம் திருப்பினால் ஊட்டுவதை நிறுத்த வேண்டும்.

உணவூட்டும் வரிசை மாறுவதில்லை. தனக்கு முன் யாருடைய முறை, பின் யாருடைய முறை என்பதைக் குழந்தைகள் அறிந்திருந்தன. ஆகவே ஒரு குழந்தைக்குச் செவிலி முழுக்கவனம் தரும்போது மற்ற ஏழும் பதறுவதில்லை. தம் முறை தவறாது வரும் என்ற உறுதி அவற்றிடம் இருந்தது. எட்டுப் பேருக்கும் எப்போதும் அரைக்கவனம் தருவதைவிட, ஒருவருக்கு ஒரு நேரத்தில் முழுக்கவனம் தருவது மேல் என்பதே லோட்ஸியின் கணக்கு.

மீதி நேரத்தில் குழந்தைகள் செவிலியின் பார்வைக்குட்பட்ட, ஆபத்தில்லாத வெளியில் விடப்பட்டன. பருத்தித் துணி, கிண்ணம், கூடை போன்ற எளிய பொருள்கள் அருகில் இருந்தன. உட்காரத் தெரியாத குழந்தையை யாரும் முட்டுக்கொடுத்து உட்கார வைக்கவில்லை. புரள்தல், தவழ்தல், எழுதல், நடத்தல் ஆகிய ஒவ்வொன்றையும் தன் காலத்தில் தானே கண்டடைய விட்டார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இயக்க வளர்ச்சியைப் பிக்லர் குறித்து வைத்து 1960-களில் வெளியிட்டார். யாரும் கற்பிக்காமலே அவை அனைத்தையும் கற்றன என்பது அதன் சாரம்.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்குப் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வராமலிராது. மூன்றாம் திங்கள் காப்பில் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை செல்லும் பருவங்களில், செங்கீரையும் சப்பாணியும் வருகையும் குழந்தையின் உடல் தானே எட்டும் நிலைகளே. வருகைப் பருவத்துப் புலவர் குழந்தையை வருக என்று அழைக்கிறார், கைபிடித்து இழுப்பதில்லை. இதற்கும் புடாபெஸ்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் குழந்தையைக் காத்திருந்து காணும் பார்வை இரண்டுக்கும் பொது என்று சொல்வது மிகையாகாது.

*

லோட்ஸியைக் குறித்த ஐயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செவிலி தாயாக முயலலாகாது என்பது அங்கே விதி. என்றேனும் பிரிந்து செல்லவிருக்கும் குழந்தையிடம், தன்னால் நிலைநிறுத்த இயலாத ஓர் அன்பை வாக்களிக்கக் கூடாது என்பது அதன் காரணம். முத்தமழை இல்லை, மடியில் வைத்து அளவின்றிக் கொஞ்சுதல் இல்லை. இது ஈரமற்றது என்று கருதியவர்கள் உண்டு. பிரான்சிலிருந்து வந்து ஆராய்ந்த மிரியம் டேவிட், ஜெனவியெவ் அப்பெல் இருவரும் 1973-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இது ‘வழக்கத்துக்கு மாறான’ ஒரு தாய்மைப் பேணல் என்று குறித்தனர். மிரியம் டேவிட் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்டவர். மனிதரைப் பொருளாகக் கையாளுதல் என்றால் என்னவென்று அறிந்தவர். லோட்ஸியில் அவர் குறைகளைக் காணாமலில்லை. எனினும் இல்லங்களில் வளரும் குழந்தைகளிடம் வழக்கமாகக் காணப்படும் வெறுமையை அங்கே அவர்கள் காணவில்லை.

குடும்பத்துக்கு லோட்ஸி ஈடாகுமா? ஆகாது என்றே நாம் கருதுகிறோம். ருமேனியாவின் வரலாறு அதனை உறுதிப்படுத்துகிறது. 1966-ல் சௌஷெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. அதன் விளைவாகப் பெருகிய குழந்தைகளை அரசு இல்லங்கள் வாங்கி அடைத்தன. 1989-ல் ஆட்சி வீழ்ந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்வில்லங்களில் இருந்தனர். 2000-ஆம் ஆண்டில் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வொன்று, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தது. குடும்பத்துக்குச் சென்றவர் மேம்பட்டனர். அவருள்ளும் ஏறத்தாழ இரண்டு வயதுக்குமுன் சென்றவர் மிகுதியாக மேம்பட்டனர். காத்திருக்க முடியாத பருவம் ஒன்று உண்டு என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

எனில் லோட்ஸியின் பயன் என்ன? பேணுதலை அது கூறுகூறாகப் பிரித்துக் காட்டியது. குடும்பத்தில் இயல்பாக அமைவதாக நாம் எண்ணுபவற்றுள் எவை குழந்தைக்கு இன்றியமையாதவை என்பது அதனால் தெளிவாயிற்று. அந்த அறிவு, மாலையில் வீடு திரும்பும் குழந்தைகளுக்கான பகற்காப்பகங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. 1956 எழுச்சிக்குப்பின் ஹங்கேரியைவிட்டு வெளியேறிய மக்தா கெர்பர் இம்முறையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று, 1978-ல் அதற்கென ஓர் அமைப்பையும் நிறுவினார். பிக்லர் 1984-ல் மறைந்தார். லோட்ஸி இல்லம் 2011-ல் மூடப்பட்டது. குழந்தைகளை இல்லங்களில் வளர்க்கலாகாது என்ற கொள்கை வலுப்பெற்ற காலம் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவ்வளாகத்தில் பகற்காப்பகம் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தேசிய ஆய்வு, வேறு வழியில் நடந்து இவ்விடத்துக்கே வந்து சேர்ந்தது. குடும்பத்தின் செல்வாக்கே வலியது. ஆயினும் காப்பகத்தின் தரத்துக்கும் பொருள் உண்டு. அத்தரத்தின் மையம், செவிலி குழந்தைக்கு மறுமொழி தரும் விதம். அது நிகழ வேண்டுமாயின் எண்ணிக்கை குறைவாக இருத்தல் வேண்டும். ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளாயின் மூவருக்கு ஒருவர், இரண்டு வயதினராயின் நால்வருக்கு ஒருவர் என்பது அவ்வாய்வு கைக்கொண்ட அளவு.

ஆனால் எண்ணிக்கையும் போதாது. அவர் நிலைத்திருக்க வேண்டும். 1989-ல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, காப்பகப் பணியாளருள் ஓராண்டில் 41 விழுக்காட்டினர் வேலையைவிட்டு நீங்குவதைக் கண்டது. அதற்கு முதற்காரணம் குறைந்த ஊதியம். குழந்தையின் பக்கத்திலிருந்து இவ்வெண்ணைப் பார்க்க வேண்டும். தன் கை நீட்டக் கற்றுக்கொண்ட கைகள் ஒரு திங்கட்கிழமை காணாமற்போகின்றன. புதிய கைகள் வருகின்றன. மீண்டும் தொடக்கத்திலிருந்து. சில முறை இவ்வாறு நேர்ந்தபின் குழந்தை கை நீட்டுவதை நிறுத்திவிடும். அப்போது அது தொல்லை தராத, அமைதியான குழந்தை என்று பெயரெடுக்கும்.

ஆகவே ஒரு காப்பகத்தை அறிய விரும்புவோர் அதன் பொம்மை அலமாரியைவிட, ஈரத்துணி மாற்றும் மேசையருகே சற்று நேரம் நிற்பது நல்லது. செவிலி குழந்தையிடம் பேசுகிறாளா, காத்திருக்கிறாளா, அவள் கை அவசரப்படுகிறதா என்று பார்க்கலாம். பின்னர் இரண்டு கேள்விகள் போதும்: இவள் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறாள்? இவளுக்கு என்ன ஊதியம் தருகிறீர்கள்? இரண்டாவது கேள்வி நம் பண்பாட்டில் நாகரிகமற்றதாகத் தோன்றலாம். ஆனால் முதற்கேள்வியின் விடை பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது.